ஸ்டோவல் கத்தியின் திரும்பிய எழுத்து

காலை பத்தே கால் மணி. ஆர்கன்சா மாநிலத்தின் டன்னவே ஊர்ச் சந்தைக் கொட்டகையில் நூற்றுப் பத்து மேஜைகள் போட்டு, பச்சைத் துணி விரித்து, அவற்றின் மேல் நாலாயிரம் பழைய கத்திகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். கண்காட்சிக்கு வந்த கூட்டமோ அத்தனையையும் விட்டுவிட்டு ஒரே ஒரு கத்தியைச் சுற்றி நின்று, அதை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தது.

“நானும் முப்பத்தாறு வருஷம் இந்த ஊருக்குத் தபால் குடுத்திருக்கேன், மேடம். வரி நோட்டீஸ்கூட இவ்வளவு வசவு வாங்கிப் பார்த்ததில்ல” என்றார் டெல்மர் ஃபைக்ஸ்.

அவர் மேடம் என்று கூப்பிட்டது லொரீன் பிக்கெட்டை. முப்பத்தெட்டு வயது, ஒல்லியான உடம்பு, எதைப் பார்த்தாலும் பாதிச் சிரிப்பில் நிற்கும் உதடுகள். லிட்டில் ராக்கில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கணக்குக் காட்டுபவர்களைத் துரத்திக்கொண்டிருந்தவள், அலுத்துப்போய் டன்னவேயில் இரும்புக்கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டாள். டெல்மர் அவளுக்கு உதவியாளர். ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த இரண்டாவது வாரமே அவர் மனைவி அவரைக் கையோடு அழைத்துவந்து, “இந்த மனுஷனுக்கு ஏதாவது வேலை குடும்மா, சம்பளம் நான் வேணா தர்றேன்” என்று லொரீனிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தாள். அது நடந்தது 1986-ல். இரண்டு வருடமாக இருவரும் நன்றாகவே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“கொஞ்சம் வழி விடுங்க” என்று லொரீன் கூட்டத்தைப் பிளந்தாள்.

கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில், மடக்கு நாற்காலியில் இமொஜீன் ராஸ்கோ உட்கார்ந்திருந்தார். எழுபதை நெருங்கும் வயது, வெள்ளை முடி, மடியில் பெரிய கைப்பை. ஊருக்கு அவர் மிஸ் இமொஜீன். கணவர் ஹாய்ட் ராஸ்கோ போன வசந்தத்தில்தான் இறந்துபோனார். ஹாய்ட்டின் ஸ்டோவல் கத்தி இல்லாமல் டன்னவேயில் கத்திக் கண்காட்சி நடந்ததே கிடையாது. இந்த வருடம்தான் அதற்குக் கடைசிக் காட்சி. மதியம் இரண்டு மணிக்கு மியூசியத்திலிருந்து ஆள் வந்து அதை நன்கொடையாக வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

அவருக்கு அடுத்த நாற்காலியில், நாலு பேர் கண்ணால் காவல் காக்க, ரூஃபஸ் டெட்ரிக் உட்கார்ந்திருந்தான். பழைய கத்தி வியாபாரி. ஆள் பீப்பாய் மாதிரி இருந்தாலும் அன்றைக்குக் காற்று இறங்கிய பீப்பாய். அவன் கையில் ஒரு தட்டு, தட்டில் மிஸ் இமொஜீன் வெட்டிக் கொடுத்த பீக்கன் பை, கொட்டைப் பருப்பு வைத்துச் சுட்ட இனிப்பு.

“வந்துட்டியா பொண்ணே” என்றார் மிஸ் இமொஜீன். “காலையில கொட்டகை திறந்ததும் வந்து பார்த்தேன். பெட்டி பூட்டினது பூட்டினபடி இருக்கு. உள்ள இருக்கற கத்தி மட்டும் வேற. நான் முப்பத்தோரு வருஷம் தூசி தட்டின கத்தி இது இல்ல.”

“மாத்தினது இந்த ரூஃபஸ்தான்!” என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். “நேத்து சாயந்திரம் அளவெடுக்கறேன்னு வெளிய எடுத்தவன் இவன்தான். மூணு வருஷமா விலைக்குக் கேட்டுக்கிட்டிருந்தான்!”

“ஷெரிஃபைக் கூப்பிடணும்!”

“யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம்” என்று மிஸ் இமொஜீன் பீக்கன் பையில் இன்னொரு துண்டு வெட்டினார். “ரெண்டு மணிவரைக்கும் நேரம் இருக்கு. லொரீன், இதை இங்க கொண்டாந்து வெச்ச ஆளை எனக்குக் காட்டு. போதும்.”

“நான் எதையும் மாத்தலைம்மா” என்றான் ரூஃபஸ். வாயில் பை இருந்ததால் அழுகையா பேச்சா என்று தெரியவில்லை. “இருபத்தாறு வருஷத் தொழில். இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள டெக்ஸஸ்வரைக்கும் பேர் நாறிடும். நாளைக்கு என் மேஜைப் பக்கம் எவன் வருவான்?”

“சாப்பிடு” என்றார் மிஸ் இமொஜீன்.

லொரீன் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். கிளப் காரியதரிசி சாவி கொடுத்தார். எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவிதான். கிளப்பில் இருபத்திரண்டு பேர், இருபத்திரண்டு பேரிடமும் ஒவ்வொன்று.

“அப்படின்னா அதுக்குப் பேரு பூட்டு இல்லீங்க” என்றார் டெல்மர். “அலங்காரம்.”

கத்தி லொரீனின் கைக்கு வந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நீளம். வால்நட் மரக் கைப்பிடி, முனையில் அகன்று சரிந்து சவப்பெட்டி வடிவத்தில் முடிந்தது. பக்கத்துக்கு ஐந்து வெள்ளி ஆணிகள். பட்டையான அலகில், கைப்பிடியை ஒட்டி, செய்தவனின் முத்திரை.

“ரூஃபஸ், பையை முழுங்கிட்டு எனக்குப் பாடம் எடுங்க” என்றாள். “இதுல என்ன விசேஷம்?”

தொழிலைப் பற்றிக் கேட்டதும் பீப்பாயில் கொஞ்சம் காற்று ஏறியது. “அந்தக் காலத்துல இந்தப் பக்கம் ஆம்பளைன்னா இடுப்புல ஒரு பெரிய கத்தி இருக்கணும்மா. இங்க்லாந்துக்காரன் அதைத் தெரிஞ்சுக்கிட்டு பெட்டி பெட்டியா செஞ்சு கப்பல்ல அனுப்பினான். அதெல்லாம் இன்னும் நிறையக் கிடைக்குது. நம்ம ஊர்க் கொல்லன் கையால அடிச்சதுதான் கிடைக்காது. அவன் கலப்பைக்கும் லாடத்துக்கும் நடுவுல, யாராவது கேட்டா ஒண்ணு அடிச்சுக் குடுப்பான். பாதிக்கு மேல பேரே போட மாட்டான். ஜெப்தா ஸ்டோவல் இந்த ஊர்ல பதினஞ்சு வருஷம் உலை வெச்சிருந்தான். அவன் முத்திரை போட்ட கத்தின்னு வெளிய தெரிஞ்சது ஹாய்ட்டோடது ஒண்ணே ஒண்ணு.”

“அப்புறம் இது?”

“இதைப் பாருங்க.” கிளப் போட்ட பழைய சிறு புத்தகத்தை ரூஃபஸ் விரித்தான். 1962-ல் எடுத்த புகைப்படம், பக்கம் முழுக்க ஹாய்ட்டின் கத்தி. “படத்துல ஸ்டோவல்னு முத்திரை ஒழுங்கா இருக்கு. இந்தக் கத்தியில முதல் எழுத்தே தப்பு. எஸ் எழுத்து கண்ணாடியில பார்த்த மாதிரி திரும்பி நிக்குது.”

கூட்டம் சிரித்தது. “எழுதப் படிக்கத் தெரியாத திருடன்!” என்றார் ஒருவர். “இதைக்கூடப் பார்த்துச் செய்யத் துப்பில்லை!”

லொரீன் சிரிக்கவில்லை. கத்தியை டெல்மரிடம் நீட்டினாள். “என்ன தெரியுது?”

டெல்மருக்குக் கத்தியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் தெரிந்தவர்கள் செய்வதுபோல் தூக்கிப் பிடித்து, சாய்த்துப் பார்த்து, கடைசியில் மோந்து பார்த்தார். மோந்ததும் முகம் சுளித்தது. இடது கடைவாய் தன்னால் வலித்தது.

“கிராம்பு வாசனை” என்றார். “ஏனோ தெரியலை மேடம், எனக்கு ஓடிப்போயிடணும்போல இருக்கு.”

“ஓடலாம்” என்றாள் லொரீன். “வண்டி சாவி உங்ககிட்டதானே?”

கொட்டகைக்கு வெளியே வெயில் இதமாக இருந்தது. டெல்மரின் பிக்கப் வண்டி மூன்றாவது முயற்சியில் இருமிக்கொண்டு கிளம்பியது.

“எங்க போகணும்?”

“நீங்கதான் சொல்லணும். ஸ்டோவல் கலப்பையும் லாடமும் அடிச்சான்னா, கத்தியைத் தவிர வேற ஏதாவது இந்த ஊர்ல மிஞ்சியிருக்கணும். முப்பத்தாறு வருஷம் ஒவ்வொரு கதவா நடந்தவரு நீங்க. அவன் பேரை எங்கயாவது இரும்புல பார்த்திருக்கீங்களா?”

டெல்மர் யோசித்தார். ஒரு நாய் துரத்திய சந்து, ஒரு விதவை காபி கொடுத்த வராந்தா என்று மனசுக்குள் தபால் பையோடு ஒரு சுற்று நடந்துவந்தார்.

“மெதடிஸ்ட் கல்லறைத் தோட்டத்துப் பழைய இரும்புக் கேட்டு” என்றார். “ஸ்டோவல் போட்டதுன்னு பாஸ்டர் சொல்லுவார். ஆனா பேரு இருக்கான்னு தெரியாது. கேட்டு முழுக்கக் கொடி. அந்த விலாசத்துக்கு எனக்குத் தபாலும் கிடையாது பாருங்க.”

கொட்டகைக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் பத்து நிமிடத் தூரம். கேட்டை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை. கார் நுழைவதற்கு வசதியாக வேறு வழி வைத்துவிட்டார்கள். லொரீன் குனிந்து கொடியை விலக்கினாள். டெல்மர் தன் மடக்குக் கத்தியை எடுத்து வேர்களை அறுத்தார். முழ நீளக் கீல் பட்டை வெளியே வந்தது. துரு கனத்துப் போயிருந்தாலும் நடுவில் ஒரு பள்ளமான கோடு தெரிந்தது.

கண்காட்சி நோட்டீஸை அதன்மேல் வைத்து, டெல்மர் காதில் செருகியிருந்த பென்சிலால் மெதுவாகத் தேய்த்தார். தாளில் ஒவ்வொரு எழுத்தாக எழும்பியது. கடைசியில் முதல் எழுத்து.

எஸ். திரும்பி நின்றது.

டெல்மர் தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். “அட” என்றார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். “அட, எனக்குத் தெரிஞ்ச சங்கதி இது! போஸ்டாபீஸ்ல ரப்பர் ஸ்டாம்ப் வருமே, அதுல எழுத்தெல்லாம் திரும்பித்தான் இருக்கும். அப்பத்தான் தாள்ல நேரா விழும். இந்த மனுஷன் முத்திரை வெட்டும்போது மத்த எழுத்தையெல்லாம் ஞாபகமாத் திருப்பி வெட்டிட்டு, எஸ்ஸை மட்டும் நேரா வெட்டிட்டான். இரும்புல அடிச்சா அது திரும்பி விழுது. மறுபடி வெட்டச் சோம்பல். வாழ்நாள் முழுக்க அதையே வெச்சு ஓட்டிட்டான்.”

“சபாஷ்.”

“அப்படின்னா…” டெல்மர் நிமிர்ந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டதுகூட அப்போது உறைக்கவில்லை. “பெட்டியில இப்ப இருக்கறதுதான் அசல்! படத்துல இருக்கறது, மிஸ் இமொஜீன் முப்பத்தோரு வருஷம் தூசி தட்டினது, அதுதான் போலி!”

“எனக்கு அங்கயே சந்தேகம்” என்றாள் லொரீன். “ஒருத்தன் ஆணி முதல்கொண்டு அச்சு அசலாச் செய்யறான். எல்லாரும் முதல்ல பார்க்கற இடத்துல இருக்கற முதல் எழுத்தைத் தப்பா விடுவானா? பொய் சொல்றவன் எப்பவுமே ரொம்பச் சுத்தமாச் சொல்லுவான். தப்பும் தவறுமா இருந்தா அது பெரும்பாலும் நிஜம்.”

“அதான் என் வீட்டுக்காரி நான் திக்கினா நம்பறா, சரளமாப் பேசினா சமையல்கட்டுல இருந்து வெளிய வர்றா.”

வண்டி திரும்பி ஓடியது. டெல்மரின் மண்டைக்குள்ளும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. “மேடம், நான் எத்தனையோ திருட்டைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். அசலை வெச்சிட்டுப் போலியைத் திருடிக்கிட்டுப் போன திருடனை இப்பத்தான் கேக்கறேன். அவனுக்கு என்ன கிறுக்கா?”

“கிறுக்கு இல்ல, கூச்சம். இன்னிக்கு ரெண்டு மணிக்குக் கத்தி மியூசியத்துக்குப் போகுது. அங்க இருக்கறவங்க பூதக்கண்ணாடி வெச்சுப் பார்ப்பாங்க. போலின்னு தெரிஞ்சா யாரு பேரு கெடும்? செத்துப்போன ஹாய்ட்டோட பேரு. அதைப் பொறுக்க முடியாத ஒருத்தர், அசலைக் கையில வெச்சிருந்த ஒருத்தர், நேத்து ராத்திரியோ இன்னிக்குக் காலையிலயோ சத்தமில்லாம மாத்தி வெச்சிட்டார். யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நெனச்சார்.”

“எஸ்ஸு காட்டிக்குடுத்துடுச்சு.”

“அது மட்டும் இல்ல. யோசிங்க டெல்மர். போலி செஞ்ச ஆளுக்கு முன்னால அசல் இருந்திருக்கு. திரும்பின எஸ்ஸும் கண்ணு முன்னால இருந்திருக்கு. அதை அப்படியே செஞ்சிருந்தா இத்தனை வருஷமும் ஒரு வம்பும் இல்ல. ஆனா கை கேக்கலை. கோணலா இருந்ததை நேராக்கிட்டான். இந்த ஊர்ல கோணலைப் பார்த்தா நிமிர்த்தாம இருக்க முடியாத ஆளு யாரு? கை சின்ன வேலைக்குப் பழகின ஆளு. கிராம்பு எண்ணெய் வாசனை அடிக்கற ஆளு.”

டெல்மரின் இடது கை தன்னால் கன்னத்துக்குப் போனது.

“டாக்டர் டில்லார்ட்!” என்று அலறினார். “பல் டாக்டர்! 1961-ல எனக்குத் தப்பான பல்லைப் பிடுங்கினவரு!”

“தப்பான பல்லா?”

“அவர் அதைச் சரியான பல்லுன்னு சொல்றார். இருபத்தேழு வருஷமாப் பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு.”

கிளப் உறுப்பினரான டாக்டர் லோவல் டில்லார்ட் கொட்டகையின் கடைசி வரிசையில், தன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயதிலும் கழுத்தில் வண்ணத்துப்பூச்சி போல் விரிந்த வில் டை. மேஜையில் அறுபது பேனாக்கத்திகள் அளவு வாரியாக, ஒரே கோணத்தில், இடைவெளி பிசகாமல் கிடந்தன. டெல்மர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே கொஞ்சம் சாய்த்து வைத்தார். டாக்டரின் கை உடனே நீண்டு வந்து அதை நேராக்கிவிட்டுத் திரும்பிப் போனது. தான் நேராக்கியது அவருக்கே தெரிந்திருக்காது.

டெல்மர் லொரீனைப் பார்த்தார். லொரீன் பென்சிலால் தேய்த்த தாளை மேஜையில் விரித்தாள்.

“கல்லறைத் தோட்டத்துக் கேட்டுல இருந்து வர்றோம் டாக்டர்.”

டாக்டர் அந்த எழுத்தைப் பார்த்தார். ஒரு தடவை எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார்.

“ரூஃபஸ்மேல பழி விழும்னு நான் நினைக்கவே இல்லம்மா” என்றார். “காலையில இருந்து எழுந்து போய்ச் சொல்லிடணும்னு பார்க்கறேன். கால் வரமாட்டேங்குது.”

“வாயைத் திற வாயைத் திறன்னு ஊரையே அதட்டினவரு நீங்க” என்றார் டெல்மர். “இப்ப உங்க முறை. வலிக்காதுன்னு நீங்க எனக்குச் சொன்ன மாதிரியே நானும் சொல்றேன்.”

லொரீன் மேஜையில் கையூன்றிக் குனிந்தாள். “முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால, 1957-ல, ஹாய்ட்கிட்ட இருந்து அசலை எடுத்துக்கிட்டு, போலியைச் செஞ்சு குடுத்து அவரை ஏமாத்தினீங்க. சரிதானே?”

“முதல் பாதி சரி” என்றார் டாக்டர். “ரெண்டாவது பாதி தப்பு. ஹாய்ட்டை யாரும் ஏமாத்தலை. போலி செஞ்சு தரச்சொன்னதே ஹாய்ட்தான்.”

லொரீனின் பாதிச் சிரிப்பு மறைந்தது. இரண்டு வருடத்தில் அவள் கணக்கு தப்பி டெல்மர் பார்த்தது அதுதான் முதல் தடவை. கேலி செய்ய நல்ல சந்தர்ப்பம்தான், ஆனால் அவரும் கதை கேட்க டாக்டர் பக்கம் குனிந்தார்.

“அந்த வருஷம் அவங்களுக்கு ஒரு குழந்தை பிறந்து, ஒன்பதாவது நாள் போயிடுச்சு” என்றார் டாக்டர். “இமொஜீன் படுத்த படுக்கையாயிட்டா. சாப்பாடு இல்ல, பேச்சு இல்ல. மூணு மாசம். ஒரு நாள் பல் வலின்னு ஹாய்ட் என்கிட்ட அழைச்சிட்டு வந்தான். என் கிளினிக்குக்குப் பின்னால நாய்க் கொட்டகை. சிவப்பு வேட்டை நாய் வளர்த்தேன், இந்த ஜில்லாவுலயே உசந்த ஜாதி. ஒரு குட்டி ஓடிவந்து இமொஜீன் செருப்பைக் கடிச்சு இழுத்தது. அவ சிரிச்சா. ஹாய்ட் சுவத்துல சாஞ்சுக்கிட்டு அதையே பார்த்தான். மறுநாள் வந்து அந்தக் குட்டியைக் கேட்டான். வேற குட்டி வேண்டாமாம், அதேதான் வேணுமாம்.”

“நீங்க கத்தியைக் கேட்டீங்க.”

“கேட்டேன்.” டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாலு வருஷமா அந்தக் கத்திமேல எனக்குப் பைத்தியம். குட்டியை நான் சும்மாவே குடுத்திருக்கணும். அது எனக்கு அன்னிக்கே தெரியும். ஆனா கேட்டுட்டேன். அவனும் மறுபேச்சு பேசலை. ஒரே ஒரு நிபந்தனை போட்டான். கத்தி இமொஜீனோட தாத்தா குடுத்தது, அவளுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சிடும், அதே மாதிரி ஒண்ணு சுவத்துல தொங்கணும்னான். பழைய அரத்தைத் தட்டி, ஆறு வாரம் ராத்திரி பகலாச் செஞ்சேன். அவன் குட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய், தானா வந்து சேந்துச்சுன்னு சொல்லிட்டான்.”

“அப்புறம்?”

“அப்புறம் முப்பத்தோரு வருஷம் அசலை அலமாரியில வெச்சுப் பூட்டிக்கிட்டேன். வெளிய காட்ட முடியாது. வாரத்துக்கு ஒரு நாள் எடுத்து எண்ணெய் போட்டுத் திரும்ப வெப்பேன். ஊர் முழுக்க ஹாய்ட் கத்தியைப் புகழும். நானும் கூட நின்னு புகழ்வேன். நான் செஞ்சதையே நான் புகழணும். அதைவிடப் பெரிய தண்டனை உண்டா சொல்லு?”

“எனக்கு அது தண்டனையாத் தெரியலை டாக்டர்” என்றார் டெல்மர். ஆனால் குரலில் பழைய காரம் இல்லை.

டாக்டர் லொரீனின் கையைப் பிடித்துக்கொண்டார். “ரூஃபஸைக் காப்பாத்த என் பேரைச் சொல்லு. நான் திருடினேன்னே சொல்லு. ஹாய்ட் பேரை மட்டும் இழுக்காதே. அவ புருஷனைக் கும்பிடறவ. இந்த வயசுல அவளுக்கு இது வேண்டாம்.”

லொரீன் யோசித்தபடியே அவர் தோளுக்கு மேலே கொட்டகையின் மறுகோடியைப் பார்த்தாள். அங்கே மிஸ் இமொஜீன் ரூஃபஸுக்கு ஐஸ் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

“டெல்மர்” என்றாள் மெதுவாக. “தாத்தா குடுத்த கத்தி. அப்படின்னா அவங்க சின்ன வயசுல இருந்தே பார்த்த கத்தி.”

“ஆமா.”

“காலையில அவங்க என்ன கேட்டாங்க? என் கத்தியை எடுத்தவன் யாருன்னு கேக்கலை. இதை இங்க கொண்டாந்து வெச்ச ஆளைக் காட்டுன்னாங்க.” அந்தப் பாதிச் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. “ஷெரிஃபைக் கூப்பிட வேண்டாம்னாங்க. திருடன்னு ஊரே சொல்ற ஆளுக்கு பை ஊட்டறாங்க. எழுந்திருங்க டாக்டர். நம்ம நாலு பேர்ல கடைசியா விஷயம் தெரிஞ்சுக்கிட்டது யாருன்னு இப்பத் தெரியப்போகுது.”

மணி ஒன்றரை. மிஸ் இமொஜீன் டாக்டரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். வில் டையைப் பார்த்தார். அது அன்றைக்கு முதல் முறையாகக் கோணியிருந்தது.

“நீதானா லோவல்” என்றார். “ஹாய்ட் அதைப் பாங்க்குக்காரன்கிட்ட அடகு வெச்சிருப்பான்னு நான் நெனச்சேன்.”

“இமொஜீன், நான்…”

“மிஸ் இமொஜீன்” என்று லொரீன் குறுக்கிட்டாள். “இது அசல்னு உங்களுக்குக் காலையிலயே தெரியும்.”

“காலையிலயா?” அவர் சிரித்தார். “என் தாத்தா மடியில உக்காந்து, அந்தக் கத்தி எழுத்துமேல விரலை வெச்சுத்தான் நான் எழுத்து படிச்சேன். பள்ளிக்கூடத்துல எஸ்ஸை வலம் இடமாத் திருப்பி எழுதி டீச்சர்கிட்ட ஸ்கேலால வாங்கியிருக்கேன். அந்த எழுத்து ஒரு நாள் திடீர்னு சுவத்துல நேரா நின்னா எனக்குத் தெரியாதா? 1957, டிசம்பர். தூசி தட்டப் போனேன், பார்த்தேன், துணியை உதறிட்டு வந்துட்டேன்.”

ரூஃபஸின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

“ஏன் கேக்கலை?” என்றார் டெல்மர். அவரால் அடக்க முடியவில்லை.

“அவனா சொல்லட்டும்னு இருந்தேன். சீட்டாடித் தோத்திருப்பான், குடிச்சிருப்பான், எதுவா இருந்தாலும் ஒரு நாள் அவன் வாயால வரட்டும்னு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவன் முன்னாலயே அதைத் துடைப்பேன். ‘எங்க தாத்தா கத்தி என்னமா பளபளங்குது பாருங்க’ம்பேன். அவன் காது சிவந்துபோகும். அதைப் பார்க்க எனக்கு ஆசை.” அவர் பெட்டியிலிருந்த கத்தியைப் பார்த்தார். “முப்பத்தோரு வருஷம். சொல்லாமலே போயிட்டான். கத்தியைப் பத்தி ஊர்ல யாரும் என்கிட்டக் கேட்டதில்ல, எல்லாம் ஹாய்ட் கத்தி. இன்னிக்குக் காலையில வந்து பார்த்தா, என் தாத்தா கத்தி பெட்டியில கிடக்கு. அப்ப கதை தெரிஞ்ச ஒருத்தர் உயிரோட இருக்கார்னு அர்த்தம். நான் பேசாம இருந்திருந்தா அந்த ஆளும் பேசாமலே போயிருப்பார். அதான் கத்தினேன். ரூஃபஸ், உன்னை மாட்டிவிட்டுட்டேன். அதுக்குத்தான் ஒரு முழு பை.”

“பரவாயில்லைம்மா” என்றான் ரூஃபஸ். அவனுக்குக் காற்று முழுக்க நிரம்பிவிட்டது. “நல்ல பை.”

மிஸ் இமொஜீன் டாக்டர் பக்கம் திரும்பினார். “சொல்லு. என் தாத்தா கத்தியை அந்த மனுஷன் எதுக்கு வித்தான்?”

டாக்டர் சொன்னார். நின்றபடியே, தலை குனிந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். செருப்பைக் கடித்த குட்டியையும், சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஹாய்ட்டையும், தான் கேட்ட அநியாய விலையையும்.

மிஸ் இமொஜீன் கைப்பையின் வாரை முறுக்கினார், பிரித்தார், மறுபடி முறுக்கினார்.

“ரூபி” என்றார் கடைசியில். “பதிமூணு வருஷம் என் கால் மாட்டுலயே படுத்துக் கிடந்தது. அதுக்குப் பால் வைக்கணுமேன்னுதான் நான் அன்னிக்குப் படுக்கையை விட்டு எழுந்தேன். மழையில நனைஞ்சு தானா வந்து சேந்துச்சுன்னான். அன்னிக்கு ஒரு சொட்டு மழை பெய்யலை, லோவல். குட்டிமேல குடத்துத் தண்ணியை ஊத்திக் கொண்டாந்திருக்கான், முட்டாள்!”

சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நடுவில் அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி முடிந்தது. டெல்மர் தன் கைக்குட்டையை எடுத்தார். அது அவருக்கே தேவைப்பட்டதால் லொரீன் தன்னுடையதை மிஸ் இமொஜீனிடம் கொடுத்தாள்.

“நான் தூசி தட்டின கத்தி எங்க?”

டாக்டர் கோட்டுக்குள்ளிருந்து ஃப்ளானல் துணியில் சுற்றியதை எடுத்து நீட்டினார். மிஸ் இமொஜீன் பிரித்து, நேராக நின்ற எழுத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிவிட்டு, கைப்பைக்குள் போட்டு மூடினார். பிறகு எழுந்து நேராக மைக்குக்குப் போனார்.

“எல்லாரும் கேளுங்க” என்று கூரை ஒலிபெருக்கி அலறியது. “பெட்டியில இருக்கறது அசல் ஸ்டோவல் கத்தி. நம்பாதவங்க கல்லறைத் தோட்டத்துக் கேட்டைப் போய்ப் பாருங்க. ரூஃபஸ் டெட்ரிக் பத்தரைமாத்துத் தங்கம். அவனைத் திட்டினவங்க எல்லாரும் அவன் மேஜையில ஆளுக்கு ஒரு கத்தி வாங்கணும். நான் பார்த்துக்கிட்டிருப்பேன்.”

ரூஃபஸ் தன் மேஜைக்கு ஓடினான். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாகப் போகும் என்று டெல்மர் நினைத்ததில்லை.

மியூசியத்து ஆள் வாசலில் தலைகாட்டியபோது டாக்டர் டில்லார்ட் தயங்கித் தயங்கி மிஸ் இமொஜீனிடம் வந்தார். “என்னை மன்னிச்சிட்டியா, இமொஜீன்?”

“அதெல்லாம் யோசிச்சுத்தான் சொல்லணும். அந்தச் சிவப்பு ஜாதியை இன்னும் வளர்க்கறியா?”

“ரெண்டு இருக்கு. பெட்டை ஒண்ணு நிறை வயிறா இருக்கு.”

“நல்லது. ஹாய்ட் போனப்புறம் வீட்டுல ஒரே நிசப்தம்” என்றார் மிஸ் இமொஜீன். “குட்டி போட்டதும் சொல்லு. நான் வந்து நிப்பேன், எது என் செருப்பைக் கடிக்குதோ அது எனக்கு. விலைன்னு ஒரு வார்த்தை பேசினே, உன் மிச்சப் பல்லை டெல்மரை விட்டுப் பிடுங்கச் சொல்லுவேன்.”

டெல்மர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார்.

“எந்தப் பல்லுன்னு மட்டும் சொல்லிடுங்க, மிஸ் இமொஜீன்” என்றார். “தப்பான பல்லு வந்துட்டா நான் பொறுப்பில்ல.”